ஸ்டாண்டர்டில் சிவக்கிறது, மீன்தோலில் ஏன் சிவக்கவில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். குளச்சல் துறைமுகத்தில் வாங்கிய கிளாத்தி, சூரை மீன்களின் தோலை உலர்த்தி, 20 மி.கி. எடுத்து, 2 மி.லி. 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஓர் இரவு வைத்திருக்கிறீர்கள். அதில் 0.5 மி.லி. எடுத்துத் தண்ணீர் விட்டு 2 மி.லி. ஆக்கி, ஆக்சிஜனேற்றம் செய்யும் குளோரமின்-டி, பெர்குளோரிக் அமிலம், சிவப்பு நிறம் தரும் எர்லிக் கரைசல் என்று வரிசையாகச் சேர்த்திருக்கிறீர்கள். தெரிந்த அளவு ஹைட்ராக்ஸிபுரோலின் (கொலாஜனில் மிகுந்திருக்கும் அமினோ அமிலம்) இட்ட ஸ்டாண்டர்ட் குழாய்கள் நன்றாகச் சிவக்கின்றன, மீன்தோல் குழாய்கள் மஞ்சளாகவே நிற்கின்றன. தோலில் கொலாஜனே இல்லையா, முறைதான் தவறா, ஹைட்ராக்ஸிபுரோலின் எண் வந்தால் கொலாஜன் அளவைப் பெற அதை எட்டால் பெருக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிறம் ஏன் வரவில்லை என்பது ஒன்று. ஹைட்ராக்ஸிபுரோலின் எண்ணிலிருந்து கொலாஜன் எவ்வளவு என்று சொல்ல முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கணக்குப் போட்டே விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

கொலாஜன் இருக்கிறது, கவலை வேண்டாம். நிறத்தைக் கெடுப்பது உங்கள் மாதிரியின் அடர்த்தி. 0.5 மி.லி. 6 நார்மல் அமிலத்தில் 3 மில்லிமோல் அமிலம் உண்டு. குளோரமின்-டி கரைசலோடு சேர்ந்து வரும் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) அரை மி.லி. அளவுதான், அதால் அரை மில்லிமோலுக்குச் சற்று மேல் தாங்க முடியும். ஆகவே பி.எச். 6-இல் நடக்க வேண்டிய ஆக்சிஜனேற்றம் கடும் அமிலத்தில் நடக்கிறது. அந்த நிலையில் குளோரமின்-டி உடைந்து குளோரினை வெளிவிடும். குழாயைத் திறந்தபோது நீச்சல்குள வாசனை அடித்திருந்தால் காரணம் அதுதான். இது போதாதென்று, 0.5 மி.லி.யில் 5 மி.கி. புரதம் சிதைந்து கிடக்கிறது. தோராயமாக 55 மைக்ரோமோல் அமினோ அமிலங்கள். நீங்கள் சேர்த்த 1 மி.லி. 0.05 மோலார் குளோரமின்-டியில் இருப்பதோ 50 மைக்ரோமோல். ஹைட்ராக்ஸிபுரோலினை மட்டும் தேடிப் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்யும் வேதிப்பொருள் அல்ல குளோரமின்-டி. கிளைசின், அலனின் என்று எதிர்ப்படும் எல்லா அமினோ அமிலங்களும் அதைத் தின்னும். பந்தியில் கூட்டம் அதிகமானால் கடைசி இலைக்குச் சோறு வராது. ஸ்டாண்டர்ட் குழாயில் போட்டிக்கு ஆளில்லை, அதனால் அது சிவக்கிறது.

தீர்வு, நீர்த்தல். உங்கள் 2 மி.லி. கரைசலை 250 மடங்கு நீர்த்துங்கள். முதலில் 0.2 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆக்குங்கள், பிறகு அதில் 1 மி.லி. எடுத்து 5 மி.லி. ஆக்குங்கள். இப்போது அமிலம் 0.024 நார்மல். 2 மி.லி. எடுத்தாலும் மொத்தம் 0.05 மில்லிமோலைத் தாண்டாது, பஃபர் எளிதாகத் தாங்கிவிடும். அமினோ அமிலங்கள் ஒரு மைக்ரோமோலுக்குள் அடங்கிவிடும், எதிரே 50 மைக்ரோமோல் குளோரமின்-டி காத்திருக்கும். கொலாஜன் மிகுந்த தோல், செதில், தசைநாண் போன்றவற்றுக்கு நடுநிலையாக்கலே தேவையில்லாமல் போவது இதனால்தான். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி ஊற்றி பி.எச். பார்த்து, உப்பைக் குவித்து, அந்த உப்பு நிறத்தைக் குறைக்கிறதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி முறையை அளவுகளோடு தருகிறேன். இது 1961-இல் வெஸ்னர் வெளியிட்ட முறையின் அடிப்படையில் அமைந்தது. அதற்கு முன் 1950-இல் நியூமன், லோகன் இருவரும் செம்பும் பெராக்சைடும் கொண்டு செய்த முறையில் டைரோசின் குறுக்கிடும். 1958-இல் ஸ்டெகமான் குளோரமின்-டியைக் கொண்டுவந்த பிறகே வேலை எளிதானது. பஃபருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் (ஒருநீரேறியது), 12 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், 120 கிராம் சோடியம் அசிட்டேட் (முந்நீரேறியது), 34 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு ஆகியவற்றைக் கரைத்து ஒரு லிட்டராக்கி, பி.எச். 6.0-க்குச் சரிசெய்யுங்கள். சில சொட்டு டொலுயீன் விட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. குளோரமின்-டி 1.41 கிராமை 20 மி.லி. தண்ணீரில் கரைத்து, 30 மி.லி. கரிமக் கரைப்பானும் 50 மி.லி. பஃபரும் சேர்க்க வேண்டும். பழைய குறிப்புகளில் அந்தக் கரைப்பான் மெத்தில் செலோசால்வ் என்று இருக்கும். அது இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும் பொருள், மாணவர் ஆய்வகத்துக்கு வேண்டவே வேண்டாம்; புரோப்பனால் போட்டுக்கொள்ளுங்கள். கரைப்பானை மாற்றினால், அளவுக்கு எவ்வளவு நிறம் என்று காட்டும் ஸ்டாண்டர்ட் கோட்டையும் அதே கரைப்பானில் புதிதாக வரைய வேண்டும். 1.41 கிராம் என்பது முந்நீரேறிய குளோரமின்-டிக்கு, அதாவது மூலக்கூற்று எடை 281.7 உள்ளதற்கு. நீரற்றது என்றால் 227.6 கணக்கில் 1.14 கிராம் போதும். பாட்டில் லேபிளைப் பார்க்காமல் நிறுத்துப் போடாதீர்கள். கரைசலை அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும், நேற்றையதை இன்று தொடக்கூடாது.

பெர்குளோரிக் அமிலம் 3.15 மோலார் வேண்டும். 70 சதவீத அமிலம் 27 மி.லி.யைத் தண்ணீரில் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் கிடைக்கும். எர்லிக் கரைசலுக்கு 20 கிராம் பாரா-டைமெத்திலமினோபென்சால்டிஹைடை புரோப்பனாலில் 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். அந்தத் தூள் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பிளாங்க் (மாதிரி இல்லாத குழாய்) காட்டும் எண் உயர்ந்துகொண்டே போகும், சின்ன அளவுகள் அதில் மறைந்துவிடும். ஸ்டாண்டர்டுக்கு வாங்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் டிரான்ஸ்-4-எல் வகையா என்று பாருங்கள். 10 மி.கி.யை 0.001 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். அதில் 5 மி.லி.யை 100 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 5 மைக்ரோகிராம். இதிலிருந்து 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் தண்ணீரால் 2 மி.லி. ஆக்கினால் 1 முதல் 5 மைக்ரோகிராம் வரையுள்ள ஐந்து குழாய்கள் தயார். வெறும் தண்ணீர்க் குழாய் பிளாங்க். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக வையுங்கள்.

2 மி.லி. மாதிரியில் 1 மி.லி. குளோரமின்-டி விட்டுக் கலக்கி, சரியாக 20 நிமிடம் அறை வெப்பத்தில் வையுங்கள். 1 மி.லி. பெர்குளோரிக் அமிலம் விட்டு, கலக்கி, 5 நிமிடம் பொறுங்கள். மிஞ்சிய குளோரமின்-டி இங்கே அழியும். பிறகு 1 மி.லி. எர்லிக் கரைசல் விட்டு, கரைசலில் அலையலையாகத் தெரியும் கோடுகள் மறையும்வரை நன்றாகக் கலக்குங்கள். பாதி கலந்த குழாய்தான் இரட்டைகளுக்கிடையே வரும் பெரும்பாலான முரண்பாட்டுக்குக் காரணம். 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 20 நிமிடம் வைத்து, குழாய்த் தண்ணீரில் 5 நிமிடம் குளிரவைத்து, 557 நானோமீட்டரில் அளவிடுங்கள். உங்கள் கல்லூரியில் ஃபில்டர் போட்ட நிறமானி மட்டுமே உள்ளதாகச் சொல்கிறீர்கள். 540 ஃபில்டர் இருந்தால் போதும். உச்சத்துக்குச் சற்றுத் தள்ளி அளக்கிறீர்கள் என்பதால் உணர்திறன் குறையும், அவ்வளவுதான். ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே கருவியில் ஒரே நாளில் அளக்கப்பட்டால் கணக்கு கெடாது. ஒரு மணி நேரத்துக்குள் அளந்து முடித்துவிடுங்கள்.

அறை வெப்பம் என்று குறிப்புகளில் இருப்பது 20 முதல் 25 டிகிரி. நாகர்கோவிலில் ஏப்ரல் மதியம் அது 32-ஐத் தொடும். வெப்பம் கூடினால் ஆக்சிஜனேற்றம் வேகமாக நடந்து, ஹைட்ராக்ஸிபுரோலினிலிருந்து உருவாகி எர்லிக் கரைசலோடு நிறம் தரும் பைரோலும் மேலும் சிதையத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டர்ட் கோட்டை மாதிரிகளுடன் சேர்த்தே ஓட்டினால் இந்த விளைவு இரு பக்கமும் சமமாக விழும். போன வாரக் கோட்டை இந்த வாரம் பயன்படுத்தினால் விழாது. நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு தொல்லை ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டுமே நமக்கு உண்டு. உலர்த்திய மீன்தோல் தராசுத் தட்டில் இருக்கும்போதே ஈரம் இழுத்து எடை கூடும். எடை கூடினால் ஹைட்ராக்ஸிபுரோலின் விகிதம் குறைந்ததுபோலத் தெரியும். மாறா எடை வரும்வரை உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உடனே நிறுத்துவிடுங்கள். குளோரமின்-டி பாட்டிலையும் திறந்து வைத்துவிட்டு அரட்டைக்குப் போய்விடாதீர்கள்.

அமிலச் சிதைப்பில் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை, அதனால் மோசமானவை. மூடி இறுகாத குழாயில் இரவெல்லாம் அமிலம் ஆவியாகி, காலையில் அடியில் பழுப்புப் பசை மட்டும் இருக்கும். டெஃப்லான் உறை வைத்த திருகு மூடியுள்ள போரோசிலிகேட் குழாய் வேண்டும். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியிடம் விடுங்கள். வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் குழாயை நிறுத்தால் கசிவு உடனே தெரிந்துவிடும். உங்கள் குழாய் கசிந்ததா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, தராசு சொல்லும். 110 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் என்பது கரைசலின் வெப்பத்துக்குச் சொன்னது, ஓவன் முகப்பில் எரியும் எண்ணுக்கு அல்ல. நடுவில் கரண்ட் போனால், போன நேரத்தோடு மீண்டும் சூடேறப் பிடித்த நேரத்தையும் கழித்துக் கணக்கிடுங்கள். மின்சாரம் நம்பகமில்லாத இடத்தில் ஆட்டோகிளேவில் 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் வைக்கும் வழி மேல்.

20 மி.கி. என்பதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கிளாத்தித் தோல் ரப்பர்ச் செருப்பு போலத் தடித்தது, எளிதில் பொடியாகாது. அதிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கு முழு மீனையும் காட்டாது. கொழுப்பை அசிட்டோனில் எடுத்துவிட்டு, உலர்த்தி, முடிந்தவரை நறுக்கி, 100 மி.கி.யை 10 மி.லி. அமிலத்தில் போடுங்கள், விகிதம் அதேதான், மாதிரி நேர்மையாகும். தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டி நீக்குவது மிக முக்கியம், சூரையில் அது நிறையவே ஒட்டிக்கொண்டு வரும். செதிலும் அளக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதில் கால்சியம் பாஸ்பேட் நிறைய உண்டு. அமிலத்தில் அது கரைந்து தெளிவாகத்தான் இருக்கும். நடுநிலையாக்கினால் பால் போல வெண்மையாகத் திரண்டு, அளவீட்டையே குலைக்கும். அதற்கும் நான் நீர்த்தலைச் சொல்வது இதனால்தான். பஃபரில் உள்ள சிட்ரேட்டும் மிச்சக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சதையில் அளப்பதென்றால் நிலைமை வேறு. உலர் சதையில் கொலாஜன் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 250 மடங்கு நீர்க்க வழியில்லை, 10 மடங்கோடு நிற்க வேண்டும். அப்போது குழாயில் 1.2 மில்லிமோல் அமிலமும் 20 மைக்ரோமோலுக்கு மேல் பிற அமினோ அமிலங்களும் இருக்கும். அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கியோ வெற்றிடத்தில் ஆவியாக்கியோதான் தீர வேண்டும். ஸ்டாண்டர்டையும் வெறும் தண்ணீரில் செய்யாமல், அதே உப்பும் ஏறத்தாழ அதே அளவு அமினோ அமிலங்களும் உள்ள கரைசலில் செய்ய வேண்டும். முதல் திட்டப்பணிக்கு இதை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

அளவு சரியா என்று உறுதிசெய்ய எல்லோரும் தெரிந்த அளவு ஹைட்ராக்ஸிபுரோலினை மாதிரியில் கலந்து, திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல பழக்கம்தான். 2 மைக்ரோகிராம் கலந்தால் 1.8-க்கும் 2.2-க்கும் இடையில் திரும்ப வர வேண்டும். ஆனால் இதில் ஒரு மயக்கம் உண்டு. கலக்கப்படுவது ஏற்கெனவே தனியாக நிற்கும் அமினோ அமிலம். நிறம் தடைபடுகிறதா, எங்கேனும் இழப்பு நேர்கிறதா என்பதை அது காட்டும். புரதச் சங்கிலி முழுதாக அறுந்ததா என்பதைக் காட்டவே காட்டாது. 100 சதவீதம் திரும்பி வந்தும் சிதைப்பு பாதியில் நின்றிருக்கலாம். அதைப் பார்க்க ஜெலட்டின் வேண்டும். பன்றித்தோல் ஜெலட்டினை மாதிரியோடு அதே ஓவனில் சிதைத்தால், உலர் எடையில் 12 முதல் 14 சதவீதம் ஹைட்ராக்ஸிபுரோலின் வர வேண்டும். 8 என்று வந்தால் நிறத்தைக் குறை சொல்லாதீர்கள், சிதைப்பைப் பாருங்கள். மீன்தோலையே 12, 18, 24 மணி நேரம் என மூன்று குழாய்களாக வைத்துப் பார்ப்பதும் நல்லது. கடைசி இரண்டும் ஒத்துப்போனால் சிதைப்பு முடிந்துவிட்டது.

இப்போது எட்டால் பெருக்கும் கேள்வி. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். குழாயில் 4.0 மைக்ரோகிராம் என்று கோடு காட்டுகிறது. 2 மி.லி.யில் 4.0 என்றால் மி.லி.க்கு 2.0, 250 மடங்கால் பெருக்கினால் 500, சிதைத்த கரைசல் 2 மி.லி. என்பதால் மொத்தம் 1,000 மைக்ரோகிராம். 20 மி.கி. தோலில் 1 மி.கி., அதாவது உலர் எடையில் 5 சதவீதம். இதுவரை அளந்த உண்மை. எட்டால் பெருக்கி 40 சதவீதம் கொலாஜன் என்று எழுதும்போது, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சிக்கு வகுத்த எண்ணை மீனுக்குப் போடுகிறீர்கள். பாலூட்டிக் கொலாஜனில் ஆயிரம் அமினோ அமில அலகுகளுக்கு ஹைட்ராக்ஸிபுரோலின் 95 போல இருக்கும். நம்முடைய கடல் போன்ற வெதுவெதுப்பான கடலின் மீன்களில் பொதுவாக 70 முதல் 80. குளிர்க்கடல் காட் மீனில் 50-ஐ ஒட்டி. ஆயிரம் அலகுகளின் எடை சுமார் 91,500 என்று கொண்டு, ஒரு ஹைட்ராக்ஸிபுரோலினுக்கு 131 என்று வகுத்துப் பாருங்கள். பாலூட்டிக்குப் பெருக்கெண் 7.3, வெப்பக்கடல் மீனுக்கு 9.3 அளவில், காட் மீனுக்கு 13-ஐத் தாண்டும். அதே 5 சதவீத அளவீடு 37 ஆகலாம், 46 ஆகலாம், 66-ம் ஆகலாம். நிறமானியின் பிழையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முதன்முதலில் வெளியிட்ட கொலாஜனின் மூன்றிழை அமைப்பை, வெப்பத்தில் அவிழாமல் இறுக்கி வைப்பதில் ஹைட்ராக்ஸிபுரோலினுக்குப் பெரும் பங்கு உண்டு. வெப்பமான நீரில் வாழும் மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. காட் மீனின் தோல் கொலாஜன் 15 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். அது குளச்சல் கடலில் தாக்குப்பிடிக்காது. ஆகவே கிளாத்திக்கும் சூரைக்கும் ஒரே பெருக்கெண் பொருந்தும் என்றும் நம்ப வேண்டாம். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடித்து வரும் சுறாவின் தோலைச் சேர்த்தால் இன்னும் விலகும்.

அதனால் உங்கள் அறிக்கையின் முதல் அட்டவணையில் ஹைட்ராக்ஸிபுரோலின், உலர் எடையில் கிராமுக்கு இத்தனை மி.கி. என்று மட்டும் போடுங்கள். கொலாஜன் எண்ணை அடுத்த பத்தியில், எந்தப் பெருக்கெண், ஏன் என்று எழுதிவிட்டு, மதிப்பீடு என்ற சொல்லோடு கொடுங்கள். அந்த மீனின் தோலிலிருந்தே கொலாஜனைப் பிரித்துத் தூய்மையாக்கி, அதன் ஹைட்ராக்ஸிபுரோலினை அளந்து உங்களுக்கான பெருக்கெண்ணைக் கண்டுபிடித்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. இந்த அளவீடு எந்த வகைக் கொலாஜன் என்று சொல்லாது. மூன்றிழை அவிழாமல் இருந்ததா, ஜெலட்டினாகிவிட்டதா என்றும் சொல்லாது. வெயிலில் காய்ந்த தோலும் பனிக்கட்டியில் வந்த தோலும் இதில் ஒரே எண்ணைத் தரக்கூடும். கொலாஜனை மருந்துக்கோ அழகுப்பொருளுக்கோ எடுக்கும் நோக்கம் இருந்தால் அதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

பின்னால் வேறு ஆய்வகத்தில் திரவ வண்ணப்படிவுப் பகுப்பாய்வுக்கு அனுப்ப நேர்ந்தால் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஓ.பி.ஏ. என்ற நிறமேற்றி ஹைட்ராக்ஸிபுரோலினோடு வினைபுரியாது, இது இமினோ அமிலம் என்பதால். இமினோ அமிலத்தோடும் வினைபுரியும் எஃப்மாக் போன்ற ஒன்று வேண்டும். நிறை நிறமாலைமானியில் 132-லிருந்து 86 என்ற ஜோடியை (முழு அயனியின் நிறை, அது உடைந்து வரும் துண்டின் நிறை) மட்டும் பார்த்தால் லியூசினும் ஐசோலியூசினும் அதே இடத்தில் வந்து நிற்கும். 132-லிருந்து 68-ஐயும் பார்க்கிறார்களா, லியூசினை வண்ணப்படிவுக் குழாயிலேயே தனியே பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்காகவே மிச்சமுள்ள சிதைத்த கரைசலை, நீர்க்காததை, மூடி இறுக்கி மைனஸ் 20-இல் வைத்திருங்கள். நிறச்சோதனைக் கழிவில் பெர்குளோரிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்திருக்கின்றன. அதை எக்காரணம் கொண்டும் சுடவைத்து வற்றவிடாதீர்கள், வெடிக்கும். நிறையத் தண்ணீர் விட்டு, மெல்ல மெல்லச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நடுநிலையாக்கி, கழிவுக் கலத்தில் ஊற்றுங்கள். பெர்குளோரிக் அமில பாட்டில் மர அலமாரியில் இருந்தால் இன்றைக்கே கண்ணாடி அல்லது பீங்கான் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.